தூரமும் நேரமும்: திருச்சிராப்பள்ளி முதல் கேமரன் மலை வரை

"தஞ்சாவூர் எவ்வளவு தூரம்?" என்று திருச்சிராப்பள்ளியில் ஒருவரைக் கேட்டால், "ஒரு மணி நேரம்" என்பார். வினா நீளத்தைப் பற்றியது. விடை பொழுதைப் பற்றியது. ஆயினும் கேட்டவர் குறை காண்பதில்லை. அவருக்கு வேண்டியதும் அதுவே. இப்பழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. எனினும் தமிழில் அது எத்துணை ஆழமாக வேரோடியுள்ளது என்பதையும், வானூர்திப் பயணம் வந்த பின் அது எங்கே நம்மை இடறச் செய்கிறது என்பதையும் இவ்வுரையில் விளக்க விரும்புகிறோம். எடுத்துக்காட்டாக நாம் கொள்வது ஒரே ஒரு பயணம்: திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் புறப்பட்டு, சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சாலைவழி ஏறிச் செல்லும் பயணம்.

இப்பயணத்தின் இரு பகுதிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதற்பகுதி ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர். இரண்டாம் பகுதி, சிப்பாங்கிலிருந்து தானா ராத்தா நகர் வரை, சாலைவழி ஏறத்தாழ 260 கிலோமீட்டர். முன்னது பின்னதைப் போலப் பத்து மடங்கு. ஆனால் இரண்டுக்கும் ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. நான்கு நான்கு மணி நேரம். எனவே நேரத்தால் தூரத்தைச் சொல்லும் நம் பேச்சு வழக்கில் வங்கக் கடலும் மலைச்சாலையும் ஒரே தூரமாகிவிடுகின்றன. இதைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. பயணம் செய்பவருக்கு அது உண்மையே. வகுப்பறையில் மட்டும் இந்த உண்மை போதாது.

முதலில் அந்த 2,690 என்ற எண் எப்படி வந்தது என்று காண்போம். உலக உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி ஒரு வட்டத்தின் பகுதியாகும். உருண்டையைச் சரிபாதியாகப் பிளக்கும் வட்டம் அது. அதனைப் பெருவட்டம் என்கிறோம். வகுப்பில் இதனைக் காட்ட ஓர் உலக உருண்டையும் ஒரு நூலும் போதும். உருண்டை இல்லையெனில் ஒரு பம்பளிமாசுப் பழம் போதும். இரு புள்ளிகளில் ஊசி குத்தி, நூலை இழுத்துப் பிடித்தால் அது தானாகவே பெருவட்டத்தின் மேல் படியும். மாணவர்க்கு இதில் வியப்புத் தோன்றும் இடம் ஒன்று உண்டு. லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் வானூர்தி கிரீன்லாந்துப் பக்கமாகப் பறக்கிறது. தட்டையான வரைபடத்தில் அது வளைந்து சுற்றிச் செல்வதாகத் தெரியும். வளைந்தது வழியன்று, உருண்டையைத் தட்டையாக்கிய தாளே பொய் சொல்கிறது. நில நடுக்கோட்டுக்கு அருகில் இப்பொய் மிகச் சிறிது. ஆதலால் திருச்சிராப்பள்ளிக்கும் கோலாலம்பூருக்கும் இடையே அளவுகோல் வைத்து வரைந்த கோடும் பெருவட்டமும் ஏறக்குறைய ஒட்டியே செல்லும்.

இவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட பெருவட்ட வில், பூமியின் நடுவில் ஏறத்தாழ 24.2 பாகை கோணத்தைத் தாங்குகிறது. ஒரு பாகைக்கு 60 கலை. பெருவட்டத்தில் ஒரு கலையின் நீளமே கடல்மைல். எனவே 24.2ஐ 60ஆல் பெருக்க 1,452 கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர், பெருக்கினால் 2,689. கணக்கு முடிந்தது. கடல்மைல் என்பது கப்பலோட்டிகளின் பழைய அளவு என்று நினைத்து ஒதுக்கிவிடக் கூடாது. இன்றும் வானோடிகள் அதைக் கொண்டே கணக்கிடுகின்றனர். கோணத்தையும் நீளத்தையும் ஒரே சொல்லில் பிணைத்து வைத்த அளவு வேறில்லை.

அந்தக் கோட்டினைப் பின்பற்றினால் நம் பயணம் பாக் நீரிணையைக் கடந்து, யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடமுனைக்குச் சற்று அப்பால் சென்று, வங்கக் கடலை நீளக் கடந்து, சுமத்திராத் தீவின் அச்சே பகுதியைத் தொட்டு, மலாக்கா நீரிணையின் மேலாகக் கீழிறங்கும். உண்மையான வானூர்தி இக்கோட்டில் அப்படியே செல்வதில்லை. வான்வழித் தடங்கள் வரையறுக்கப்பட்டவை; பருவமழைக் காலத்தில் இடிமுகில்களை விலக்கிச் செல்ல வேண்டும்; ஓடுபாதை எத்திசை நோக்கியிருக்கிறதோ அத்திசையில்தான் எழவும் இறங்கவும் முடியும். ஆகவே பறந்த தொலைவு, பெருவட்டத் தொலைவைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

நேரத்திற்கு வருவோம். இத்தடத்தில் பறக்கும் வகை வானூர்தி, உயரே நிலைபெற்றபின் மணிக்கு ஏறத்தாழ 840 கிலோமீட்டர் விரைவில் செல்லும். 2,690ஐ 840ஆல் வகுத்தால் 3.2 மணி, அதாவது 3 மணி 12 நிமிடம். ஆனால் பயணச்சீட்டில் ஏறத்தாழ 4 மணி நேரம் என்றிருக்கிறது. எஞ்சிய முக்கால் மணி எங்கே போயிற்று? ஏறும்போதும் இறங்கும்போதும் விரைவு குறைவு; தடம் நேர்க்கோடன்று; காற்று எதிர்த்தால் தாமதம், துணை நின்றால் ஆதாயம். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. விமான நிறுவனங்கள் தரையை விட்டு எழுந்த நொடியிலிருந்து நேரத்தை எண்ணுவதில்லை. நிறுத்துமிடத்திலிருந்து சக்கரம் நகர்ந்த நொடி முதல், மறுமுனையில் நிறுத்துமிடத்தில் சக்கரம் ஓய்ந்த நொடி வரை எண்ணுகின்றன. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரமும் வரிசையில் காத்துநிற்கும் நேரமும் அதனுள் அடக்கம். 'ஊர்தி' என்னும் நம் சொல் இவ்விடத்தில் மிகப் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஊர்தல் என்பதற்குச் செலுத்தப்பட்டுச் செல்லல் என்ற பொருளும் உண்டு, மெல்ல நகர்தல் என்ற பொருளும் உண்டு. பாகன் இன்றி இயங்கும் வான ஊர்தி பற்றிய கற்பனை புறநானூற்றிலேயே இருப்பதை மாணவர் அறிவர். அவ்வூர்தி தரையில் வரிசை காத்து நின்றதாகப் புலவர் பாடவில்லை.

இனி மலைச்சாலை. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் அரசு நில அளவையாளர் இம்மலைப் பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆய்ந்தவர் போய்வந்த பின்னும் நெடுங்காலம் அங்கே சாலை இல்லை. 1920களில்தான் மலைவாழிடம் அமைக்கும் வேலை ஊக்கம் பெற்றது. பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து மேலே சாலை வெட்டப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ரிங்லெட், ஹாபு, தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா என்று அச்சாலை தொட்டுச் செல்லும் ஊர்களைச் சுற்றித் தேயிலையும் காய்கறியும் விளைகின்றன. தேயிலைச் சரிவுகளில் முதலில் உழைத்தோருள் பெரும்பாலார் தமிழர். இன்று கொழுந்து பறிப்பவர்களுள் வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் பலர். கொழுந்தும் முன்போல் விரல்களால் மட்டும் கிள்ளப்படுவதில்லை. கத்தரிகளும் இயந்திரங்களும் வந்துவிட்டன.

தாப்பாவுக்கும் தானா ராத்தாவுக்கும் நேர்க்கோட்டில் இடைவெளி ஏறத்தாழ 33 கிலோமீட்டர். சாலையோ ஏறத்தாழ 60. பறவைக்கு 33, மனிதர்க்கு 60; இந்த 27 கிலோமீட்டர் வேறுபாடு முழுவதும் வளைவுகளில் ஒளிந்துள்ளது. அச்சாலை கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திற்கு ஏறுகிறது. லாத்தா இஸ்கந்தர் அருவியைக் கடந்ததும் வண்டியில் இருப்பவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு சன்னலை நோக்கித் திரும்பிவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தலைச்சுற்றலுக்குக் கிலோமீட்டர் தெரியாது. கேமரன் மலையில் விமான நிலையம் இல்லை. இனியும் அங்கே பெரிய நிலையம் அமைவதற்கு அந்நிலம் இடங்கொடாது. ஆகையால் உலகின் எம்மூலையிலிருந்து பறந்து வந்தாலும் கடைசித் தொலைவை வளைந்து வளைந்தே கடக்க வேண்டும்.

இவ்விரு வகைத் தூரத்தையும் நம் முன்னோர் எவ்வாறு அளந்தனர் என்று நோக்கினால், மொழியின் போக்கு தெளிவாகும். பழந்தமிழ் அளவுகளில் பல, உடலோடும் பொழுதோடும் ஒட்டியவை. நாழிகை என்பது 24 நிமிடம். 'நாழிகை வழி' என்றால் ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தொலைவு. ஏறத்தாழ ஒன்றரை மைல். கணக்கிட்டுப் பார்த்தால் மணிக்கு 6 கிலோமீட்டர் வருகிறது. சுமையற்று விரைந்து நடப்பவரின் நடையோடு அது ஒத்துப்போகிறது. 'கூப்பிடு தூரம்' குரல் சென்று சேரும் தொலைவு. பழைய வாய்பாடு நான்கு கூப்பிடு கொண்டது ஒரு காதம் என்கிறது. வேறிடங்களிலோ ஒரு காதம் பத்து மைல் என்று காண்கிறோம். நான்கு முறை கூப்பிட்டால் பத்து மைல் கேட்கும் தொண்டை எவர்க்கும் வாய்த்ததில்லை. காதம் என்னும் அளவு காலத்துக்குக் காலம், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது என்றே கொள்ள வேண்டும்.

காதத்தைப் பற்றிப் பேசும்போது சிலப்பதிகாரத்தை விட்டுச் செல்ல இயலாது. புகாரை விட்டுப் புறப்பட்டுச் சிறிது தொலைவே நடந்த கண்ணகி, களைப்போடு மதுரை எங்குள்ளது என்று கேட்கிறாள். முப்பது காதம் என்று நேரே சொல்லாமல் ஆறையும் ஐந்தையும் அடுக்கிச் சொல்லி, அருகில்தான் என்கிறான் கோவலன். பெருக்கிப் பார்த்தால்தான் முப்பது. காதில் விழுவதோ இரு சிறிய எண்கள். அளவைச் சொல்லவும் வேண்டும், கேட்பவள் மனம் தளரவும் கூடாது. 'எவ்வளவு தூரம்' என்பது பெரும்பாலும் அளவைக் கேட்கும் வினாவன்று என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார்.

ஆங்கிலேயர் ஆட்சியில் சாலையோரம் நட்ட மைல்கற்கள் வந்தபின், 'கல்' என்ற சொல்லே மைலைக் குறித்தது. "நாலு கல் தொலைவு" என்று இன்றும் முதியோர் சொல்வர். மலாய்மொழியிலும் இதே நிகழ்ந்தது: 'பத்து' என்றால் கல், மைலும் அதுவே. பத்து தீகா என்ற ஊர்ப்பெயர் 'மூன்றாம் கல்' என்று பொருள்படும். இரு மொழிகளும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்ததாகக் கருதத் தேவையில்லை. ஒரே சாலையின் ஒரே கல்லை இரு மக்களும் கண்டனர். மலேசியத் தமிழரோ இன்னொரு சொல்லையும் ஆண்டனர்: 'கட்டை'. மைலைக் குறிக்க நட்ட கட்டை, மைலுக்கே பெயராயிற்று. "பள்ளிக்கூடம் மூணு கட்டை" என்று தோட்டப்புறத்து முதியோர் பேசக் கேட்கலாம். மலேசியா மெட்ரிக் முறைக்கு மாறிய பின் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அச்சொல் விளங்குவதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இத்தகைய சொற்களைப் பிழை என்று திருத்தாமல் குறித்து வைத்தால், வட்டாரச் சொல்லகராதிக்கு அது பெரும் உதவியாகும்.

'தொலைவு' என்னும் சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். 'தூரம்' வடமொழி வழி வந்தது. 'தொலைவு' நம் வேர்ச்சொல்லிலிருந்து கிளைத்தது. தொலைதல் என்றால் இல்லாமற் போதல், அழிதல், தோற்றல். பழைய நூல்களில் தொலைவு என்பது தோல்வியையும் அழிவையும் குறிக்கும். நெடுவழி சென்றவர் கண்ணுக்கும் செய்திக்கும் எட்டாமற் போனார். அவர் சென்ற இடம் 'தொலை' ஆயிற்று. "மானம் கப்பலேறிப் போயிற்று" என்ற வழக்கிலும் இந்த நினைவு ஒலிக்கிறது. கப்பலேறியது திரும்பாது என்பது அதன் உட்பொருள். தொலைபேசி, தொலைக்காட்சி என்ற கூட்டுச்சொற்களில் இவ்வேர் தன் துயரத்தை உதறிவிட்டு வெறும் இடைவெளியையே சுட்டுகிறது.

கப்பலேறியவர்கள் யார்? மலாயாவுக்குச் சென்ற தொழிலாளர்களுக்கு நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் குடிபெயர்வு முகாம்கள் இருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,250 கடல்மைல். மணிக்கு 12 கடல்மைல் செல்லும் நீராவிக் கப்பலுக்கு நான்கு நாளுக்குச் சற்று மேல். இதுவும் தூரத்தை விரைவால் வகுத்த கணக்குத்தான். முகாமில் காத்திருந்த நாள்கள், துறைமுகத்தில் நங்கூரமிட்ட நாள்கள், பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காவலில் வைக்கப்பட்ட நாள்கள் ஆகியன அதில் இல்லை. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இத்தடத்தில் ஓடியது. அதன் பெயரைச் சொன்னாலே முகம் மலரும் முதியோர் அண்மைக்காலம் வரை இருந்தனர். 1938இல் இந்திய அரசு, உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவிச்செலவில் மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்தது. கேமரன் மலையில் தேயிலை வேரூன்றி அப்போது பத்தாண்டுகூட ஆகவில்லை. பின்னர் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய சிதம்பரம் கப்பல் 1985இல் நடுக்கடலில் தீ விபத்துக்கு உள்ளாயிற்று. அதனோடு இக்கடல்வழிப் பயணமும் முடிவுற்றது.

கப்பல் போயிற்று, சொல் போகவில்லை. 'கப்பல்' என்ற சொல் தமிழிலிருந்து மலாய்மொழிக்குச் சென்றது என்பது அறிஞர் பலரும் ஏற்கும் முடிபு. மலாய்மொழி வானூர்தியைக் 'கப்பால் தெர்பாங்' என்கிறது. பொருள், பறக்கும் கப்பல். நம்மவரும் ஒரு காலத்தில் 'ஆகாயக் கப்பல்' என்றே அழைத்தனர். பிறகு கோயிற் கருவறையின் மேலெழும் விமானத்தின் பெயரும் வானில் பறப்பதற்கு உரியதாயிற்று. தமிழ் கைவிட்ட கப்பலை மலாய்மொழி இன்னும் வானில் செலுத்திக்கொண்டிருக்கிறது.

இதுவரை தூரத்தையும் பயணத்துக்கு ஆகும் நேரத்தையும் பார்த்தோம். மூன்றாவதாக ஒன்று உண்டு. கப்பல் காலத்தில் அது எவரையும் இடறவில்லை. வானூர்திக் காலத்தில் அதுவே பெரிய இடறல். அது இரு ஊர்களின் கடிகாரங்களுக்கு இடைப்பட்ட வேறுபாடு.

ஞாயிறு ஒரு பாகை கடக்க 4 நிமிடம் ஆகும். திருச்சிராப்பள்ளிக்கும் தானா ராத்தாவுக்கும் நெடுவரை வேறுபாடு ஏறத்தாழ 22.7 பாகை, எனவே ஞாயிற்றின் கணக்கில் மலையில் ஏறத்தாழ 91 நிமிடம் முன்னதாக உச்சிப்பொழுது வருகிறது. ஆனால் கடிகாரங்களின் வேறுபாடு இரண்டரை மணி. மிகுதியான ஒரு மணி இயற்கை தந்ததன்று, சட்டம் தந்தது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு அரைமணி முன்னே தள்ளப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் பேண வேண்டும் என்பது நோக்கம். அதற்கு முன் இந்தியாவுக்கும் தீபகற்பத்துக்கும் வேறுபாடு சரியாக இரண்டு மணி. முதியோர் சிலர் இன்றும் "ரெண்டு மணி நேரம் வித்தியாசம்" என்பது மறதியால் அன்று. அவர்கள் கற்றபோது அதுவே உண்மை. இம்மாற்றத்தால் கேமரன் மலையில் கடிகாரம் ஞாயிற்றை விட ஏறத்தாழ 74 நிமிடம் முன்னே ஓடுகிறது. அங்கே கதிர் எழுவது ஏழு மணியை ஒட்டி, சில மாதங்களில் அதற்கும் பின்னர். தோட்டத்தில் காலைப் பெயரழைப்பைப் 'பெரட்டு' என்பர். கடிகாரத்தைப் பார்த்துப் பெரட்டுக்குப் போகிறவர்க்கு விடியல் பின்தங்கியே வரும்.

பயணச்சீட்டில் இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றும் என்று ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவோம். திருச்சிராப்பள்ளியில் இரவு 10.30க்குப் புறப்பாடு, கோலாலம்பூரில் காலை 5.00க்கு வருகை. கழித்துப் பார்த்தால் ஆறரை மணி. திரும்பும்போது கோலாலம்பூரில் இரவு 8.30க்குப் புறப்பாடு; திருச்சிராப்பள்ளியில் இரவு 10.00க்கு வருகை. கழித்தால் ஒன்றரை மணி. போகும்போது ஆறரை, வரும்போது ஒன்றரை. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நான்கு. இந்தப் பாதியே உண்மைப் பறப்பு நேரம். விடைகளின் வேறுபாட்டைப் பாதியாக்கினால் இரண்டரை. அதுவே கடிகார வேறுபாடு. காற்றின் சிறு வேறுபாட்டை ஒதுக்கிவிட்டால், இரு சீட்டுகளைக் கொண்டு இரு மறைவெண்களைக் கண்டறியும் இக்கணக்கை ஏழாம் எட்டாம் வகுப்பு மாணவர் தாமே செய்துவிடுவர். அச்சிட்ட பயிற்சிகளைவிட உண்மையான பயணச்சீட்டு நல்ல பாடநூல் என்பது நம் துணிபு.

இது வெறும் பள்ளிக் கணக்கன்று. கேமரன் மலைத் தோட்டம் ஒன்றில் பேச்சுவழக்குகளைத் திரட்டியபோது முதியவர் ஒருவர் சொன்ன நிகழ்ச்சியை இங்கே சுருக்கித் தருகிறோம். திருச்சிராப்பள்ளிக்கு அருகில் உள்ள சிற்றூரில் அவருடைய அக்காள் மறைந்தார். முற்பகலில் செய்தி வந்தது. "நாளைக்குப் பதினொரு மணிக்கு எடுக்கிறோம், வர முடியுமா மாமா?" என்று அக்காள் மகன் தொலைபேசியில் கேட்டான். விசா முன்பே எடுத்துவைத்திருந்தார், பணமும் இருந்தது. காலை 7 மணிக்கு ஒரு விமானம். நான்கு மணி நேரப் பயணம் என்பது அவருக்குத் தெரியும். ஏழும் நான்கும் பதினொன்று. "பதினோரு மணிக்கு இறங்கி, வெளியே வந்து, ஊர் போய்ச் சேர எங்க நேரம்? நீங்க எடுத்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார்.

ஏழும் நான்கும் பதினொன்று என்பது சரியான கூட்டல். ஆனால் அது மலேசியக் கடிகாரத்தின் பதினொன்று. அந்நேரம் திருச்சிராப்பள்ளியில் மணி 8.30. குடிநுழைவுச் சோதனைக்கு ஒரு மணி, ஊருக்கு ஒரு மணி என்று வைத்துக்கொண்டாலும் 10.30க்கு அவர் அக்காளின் தலைமாட்டில் நின்றிருப்பார். அக்காள் மகன் சொன்ன பதினொன்று அவன் ஊர்ப் பதினொன்று. மாமா கூட்டிய பதினொன்று அவர் மலைப் பதினொன்று. இரண்டும் ஒரே சொல். இருவரும் பொய் சொல்லவில்லை, கணக்கும் தவறவில்லை. பின்னாளில் பேத்தி கைப்பேசியில் இரு நாட்டு நேரங்களையும் அருகருகே காட்டியபோதுதான் அவருக்கு இது விளங்கிற்று. அதைச் சொல்லும்போது அவர் வருத்தத்தைவிட வியப்பையே மிகுதியாகக் காட்டினார்: "ரெண்டரை மணி நேரம் சும்மா கிடந்திருக்கு, எனக்குத் தெரியலையே."

இக்குழப்பத்துக்கு மொழியில் ஒரு காரணம் உண்டு. தமிழில் 'நேரம்' என்னும் ஒரே சொல் இரு வேறு பொருள்களைச் சுமக்கிறது. ஒன்று, கழியும் கால அளவு: நான்கு மணி நேரம். மற்றொன்று, கடிகாரம் காட்டும் பொழுது: புறப்படும் நேரம். 'மணி'யும் அவ்வாறே. 'நான்கு மணி' என்றால் அளவும் ஆகலாம், பொழுதும் ஆகலாம். 'நான்கு மணிக்கு' என்று வேற்றுமை உருபு சேர்ந்தால் பொழுது. 'நான்கு மணி நேரம்' என்றால் அளவு. உருபு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. ஆனால் எவ்வூர்ப் பொழுது என்பதைக் காட்டும் உருபு எதுவும் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் முன்பு எழவில்லை. கப்பலில் வந்தவர் நாளுக்குச் சில நிமிடமாகப் பொழுதைக் கடந்தார். தரையிறங்கியபோது ஞாயிறும் அவரும் ஒத்துப்போயிருந்தனர். இரண்டு பதினொரு மணிகள் ஒரே தொலைபேசி அழைப்பில் எதிர்ப்படும் நிலை அவர்க்கு வாய்த்ததே இல்லை.

ஆகவே கற்பித்தலுக்குச் சில சொற்களை வரையறுத்துக்கொள்வது நலம். உருண்டையின் மேல் நூல் பிடித்து அளப்பது 'பெருவட்டத் தொலைவு'. உண்மையில் சென்ற தடத்தின் நீளம் 'வழித்தொலைவு'. தாப்பாச் சாலையின் 60 கிலோமீட்டர் இவ்வகை. சக்கரம் நகர்ந்ததிலிருந்து ஓய்வது வரை 'பறப்பு நேரம்'. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை 'பயண நேரம்'. இந்நான்கையும் ஒரே 'தூரம்' என்ற சொல்லால் வழங்கும் பேச்சு வழக்கை நாம் கண்டிக்கவில்லை. அது வாழும் மொழி. தேர்வுத் தாளிலும் பாடநூலிலும் மட்டும் அவை கலக்க வேண்டா. பயண நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், தானா ராத்தாவிலிருந்து சிப்பாங் நான்கு மணி, நிலையத்தில் முன்கூட்டியே சென்று காத்திருக்க மூன்று, பறப்பு நான்கு, குடிநுழைவு ஒன்று, ஊர்ச்சாலை ஒன்று. பதின்மூன்று மணி நேரம். இதில் வானில் கழிவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பொழுதைக் குறிக்கும்போது ஊர்ப்பெயரை முன்னொட்டாகச் சேர்ப்பதே தமிழின் இயல்புக்கு ஏற்ற வழி. நம் மொழியில் அடை முன்னே வரும். பெயர் பின்னே வரும். 'திருச்சி நேரம் 11.00', 'கோலாலம்பூர் நேரம் 7.00' என்று எழுதினால், எண்ணைக் காணுமுன்பே எவ்வூர்க் கடிகாரம் என்பது படிப்பவர் மனத்தில் நின்றுவிடும். மலேசியத் தமிழ் இளையோர் இதனை எவரும் கற்பிக்காமலே செய்கின்றனர். "இந்தியா டைம் எட்டரை" என்கின்றனர். 'டைம்' என்ற சொல்லுக்காக அவர்களைத் திருத்த முனைவோர், அத்தொடரில் 'இந்தியா' எங்கே நிற்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். திருமண அழைப்பிதழிலும் இறப்புச் செய்தியிலும் இனி அவ்வாறே ஊர்ப்பெயரோடு நேரத்தை அச்சிட ஆசிரியர்கள் மாணவர்க்குப் பழக்கலாம். கட்டுரைப் பயிற்சியில் ஒரு பாட வேளை அதற்குப் போதும்.